மனப்பாடம் இருக்கிறது, புள்ளிதான் வரவில்லை

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். கணக்கர் வேலை. வாரத்தில் இரண்டு இரவு, எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை, கோயில் மண்டபத்தில் படிவம் ஐந்து மாணவர் பதினொரு பேருக்கு இலவசமாக செஜாரா, அதாவது வரலாறு, சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள், தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. முதல் தாளில் 40க்கு 28, 30 என்று எடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் தாளில் கட்டுரை என்று வந்தால் 100க்கு 30ஐத் தாண்டுவதில்லை. இரண்டு பேர் தேறுவதே சந்தேகம். புத்தகத்தை வரி வரியாக மனப்பாடம் செய்கிறார்கள், ஆனாலும் புள்ளி வருவதில்லை. எந்த அத்தியாயங்களில் கேள்வி வரும் என்று கணித்து அவற்றை மட்டும் நடத்தலாமா? இன்னொன்று. போன வாரம் ஒரு பையன், “டீச்சர், இந்தப் புத்தகத்துல நாம எங்க இருக்கோம்?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் வரலாறு படித்தவள் அல்ல. நான்கு மாணவர்களின் விடைத்தாள்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நான்கு விடைத்தாள்களையும் இரண்டு முறை படித்தேன். உங்கள் பிள்ளைகளுக்கு வரலாறு தெரிந்திருக்கிறது. ஆண்டு தவறவில்லை, பெயர் தவறவில்லை. நான் முப்பது ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் இதே பாடத்தை நடத்தியவன். இவ்வளவு தகவல் தலையில் வைத்திருக்கும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் அதிகம் பேர் இருந்ததில்லை. அவர்கள் தாளில் இல்லாதது ஒன்றுதான். நடந்ததை எழுதுகிறார்கள், அது ஏன் நடந்தது என்று எழுதுவதில்லை.

ஒரு மாணவியின் விடையை எடுத்துக்கொள்வோம். 1948இல் டாருராட், அதாவது அவசரகாலம், பிரகடனம் செய்யப்பட்டதற்கான காரணங்களை விளக்கச் சொல்கிறது கேள்வி. அவள் மலாயில் எழுதியதைத் தமிழில் தருகிறேன் (பி.கே.எம். என்பது மலாயா கம்யூனிஸ்ட் கட்சி): “பி.கே.எம். தொழிற்சங்கங்களில் ஊடுருவியது. பி.கே.எம். வேலைநிறுத்தங்களை நடத்தியது. 16 ஜூன் 1948இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டனர்.” மூன்று வரியும் சரி. ஆனால் கேள்வி விளக்கச் சொல்கிறது. இவள் பட்டியல் போட்டிருக்கிறாள். கருத்துக்குரிய புள்ளி கிடைக்கும், விளக்கத்துக்குரிய புள்ளி போய்விடும். கட்டுரையில் பெரும்பகுதி புள்ளி அந்த விளக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்த வகுப்பில் இந்த ஒரு விடையைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். புதிய பாடம் எதையும் தொடங்க வேண்டாம். முதல் வரியைக் காட்டி, “ஏன் தொழிற்சங்கத்துக்குள்ள போனாங்க?” என்று கேளுங்கள். தமிழில் கேளுங்கள், தமிழிலேயே பதில் வரட்டும். யாராவது ஒருவர், “அங்கதான் ஆளு நெறய இருந்தாங்க” என்பார். சரி, அவர்கள் ஏன் இவர்கள் பேச்சைக் கேட்டார்கள்? போர் முடிந்த சமயம், அரிசி இல்லை, விலைவாசி ஏறிவிட்டது, கூலி ஏறவில்லை. ஆகவே கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு வாசல் தேவைப்பட்டது. சங்கம் அந்த வாசலாக இருந்தது. அரசாங்கம் என்ன செய்தது? 1948இல் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தியது. சங்கப் பொறுப்பாளர் அந்தத் தொழிலில் குறைந்தது மூன்று ஆண்டு வேலை செய்தவராக இருக்க வேண்டும், வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனமாகச் சேரக் கூடாது என்று விதி வந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் பதிவை இழந்தது. வாசல் மூடிவிட்டது. அப்புறம்?

அந்த “அப்புறம்” உங்கள் ஊரில்தான் நடந்தது. ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் சுடப்பட்டார். அதே காலையில் பக்கத்துத் தோட்டமொன்றில் ஜான் அலிசனும் அவருடைய இளம் உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் சுடப்பட்டார்கள். அன்றே பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, 18ஆம் தேதி, மலாயாக் கூட்டமைப்பு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. வழக்கமான சட்டத்தை வைத்து விசாரணை இல்லாமல் ஆளைப் பிடித்து வைக்க முடியாது, ஊரடங்கு போட முடியாது. அந்த அதிகாரம் வேண்டியிருந்தது, அதற்காகத்தான் பிரகடனம். இப்போது அந்த மாணவியின் மூன்று வரியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். புதிதாக அவள் மனப்பாடம் செய்ய வேண்டியது ஏறக்குறைய எதுவுமில்லை.

தமிழில் பேசி முடித்த பிறகு மலாயில் எழுத வையுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சில டியூஷன் ஆசிரியர்கள் குறிப்பு முழுவதையும் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் பிள்ளை தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் திரும்ப மலாய்க்கு மாற்ற வேண்டியதாகிவிடுகிறது, நேரம் அதிலேயே போய்விடும். கலைச்சொற்கள் முதல் நாளிலிருந்தே மலாயில்தான் இருக்க வேண்டும். தமிழ் யோசிப்பதற்கு, காரணத்தைத் தேடுவதற்கு. நம் பிள்ளைகள் மலாயில் தடுமாறுவது பெயர்ச்சொல்லில் அல்ல, ஒரு வாக்கியத்தை அடுத்த வாக்கியத்தோடு கட்டுவதில்தான். ஆகவே நான்கு சொற்களை மண்டபச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: கெரானா, ஒலே இத்து, அக்கிபாட்ஞா, சொந்தோஞா. ஏனென்றால், ஆகவே, அதன் விளைவாக, எடுத்துக்காட்டாக. எழுதும் ஒவ்வொரு கருத்துக்குப் பின்னாலும் இவற்றில் குறைந்தது இரண்டு வர வேண்டும் என்பதை விதியாக வையுங்கள். முதல் இரண்டு வாரம் செயற்கையாகத் தெரியும். பரவாயில்லை, மூன்றாவது வாரம் கை பழகிவிடும்.

இரண்டாவது குறை இன்னொரு பையனின் தாளில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என் பழைய தவறு நினைவுக்கு வந்தது. நான் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் நானும் மனப்பாடத்தைத்தான் நம்பினேன். என் வகுப்பில் ஒரு மாணவி, அத்தியாயம் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். தேர்வில் நான்கு பக்கம் எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். கேள்வி கேட்டது கெசான், அதாவது விளைவு. அவள் எழுதியது நான்கு பக்கமும் ஃபாக்டோர், காரணம். அவளுக்குக் கேள்வியைப் படிக்கச் சொல்லித் தராதது நான். அந்த முடிவு வந்த நாளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் பையனும் அதைத்தான் செய்திருக்கிறான். அவசரகாலத்தைச் சமாளிக்க அரசாங்கம் எடுத்த நடவடிக்கைகள், அதாவது லங்கா, என்ன என்று கேட்டதற்கு மறுபடியும் மூன்று நிர்வாகிகள் சுடப்பட்ட கதையை எழுதியிருக்கிறான். ஒரே அத்தியாயத்திலிருந்து ஏன் நடந்தது, என்ன செய்தார்கள், என்ன ஆனது என்று மூன்று கேள்வி வரலாம். மூன்றுக்கும் விடை வேறு. ஒரு வகுப்பு முழுவதும் விடையே எழுதாமல் கேள்விகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள். கட்டளைச் சொல்லின் கீழ் ஒரு கோடு, எதைக் கேட்கிறது என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு, ஆண்டு வரம்பு இருந்தால் அதைச் சுற்றி வட்டம். பழைய தேர்வுத் தாள்களிலிருந்து முப்பது கேள்வி எடுத்தால் போதும்.

நடவடிக்கை என்றதும் பிரிக்ஸ் திட்டம் வரும். பிள்ளைகள் “புதுக்கிராமங்கள் அமைக்கப்பட்டன” என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். இதை நான் என் அம்மாவைக் கொண்டு நடத்துவேன். அம்மா அப்போது பால்மரம் வெட்டும் பெண். விடியற்காலையில் வாளியையும் உளியையும் எடுத்துக்கொண்டு போகும்போது முள்வேலி வாசலில் சோதனை நடக்கும். சோற்றுப் பொட்டலம் கொண்டு போகக் கூடாது. வெறும் வயிற்றோடு மரம் வெட்டிவிட்டு, பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, திரும்பி வந்துதான் சாப்பாடு. “எங்களுக்கு ஏன்னு அப்போ தெரியாது” என்பார் அம்மா. ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசியும் மருந்தும் செய்தியும் காட்டோரத்து மக்களிடமிருந்துதான் போயின. அந்தத் தொடர்பை அறுத்தால் காட்டில் இருப்பவர் வெளியே வந்தாக வேண்டும். ஜெனரல் ஹரோல்ட் பிரிக்ஸ் 1950இல் கொண்டுவந்த திட்டத்தின் உயிர்நாடி அதுதான். காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், பெரும்பாலோர் சீனர்கள், வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களிலும் லயங்கள் ஒன்றாகக் கூட்டப்பட்டு வேலி போடப்பட்டது. ஒரு சோற்றுப் பொட்டலத்திலிருந்து இந்தத் திட்டத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை அதை மறக்க மாட்டான். உங்கள் பதினொரு பேரின் வீட்டிலும் ஒரு பாட்டியாவது இருப்பார். இந்த வாரமே போய்க் கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறையில் மிச்சம் இருப்பவர்கள் மிகச் சிலர்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பாட்டி சொன்னதை அப்படியே விடைத்தாளில் எழுதினால் புள்ளி கிடையாது. அது பாடநூலின் கருத்தைத் தொங்கவிட ஓர் ஆணி. தாளில் வர வேண்டியது பாடநூலின் கருத்தும் அதற்கான விளக்கமும்தான். உயர்நிலைச் சிந்தனைக் கேள்வியில், உன் கருத்து என்ன, இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை என்ன என்று கேட்கும் இடத்தில் மட்டும் சொந்த ஊரின் எடுத்துக்காட்டு உதவும். அங்கேயும் ஒன்றிரண்டு வரி போதும்.

கேள்வியைக் கணிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தங்கச்சி. பதினொரு பிள்ளைகளின் சான்றிதழை வைத்துச் சூதாட முடியாது. 2013ஆம் ஆண்டிலிருந்து செஜாராவில் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை. மலாய்மொழிக்கு என்ன விதியோ அதே விதிதான். மற்ற எட்டுப் பாடத்தில் ஏ வாங்கியிருந்தாலும் அதே கதைதான். இதைப் பெற்றோர்களிடமும் ஒரு முறை சொல்லிவிடுங்கள். சனி ஞாயிறில் பிள்ளையைக் கடை வேலைக்கு அனுப்பும் வீட்டில் பலருக்கு இது இன்னும் சரியாகத் தெரியாது.

நான்காம் படிவத்தில் பத்து அத்தியாயம், ஐந்தாம் படிவத்தில் பத்து. இருபது தனித்தனி மூட்டையாகத் தூக்கினால் கனக்கும். நான் நான்கு கதைகளாகக் கட்டுவேன். தேசிய உணர்வு எழுந்ததிலிருந்து ஜப்பானியர் காலம், 1946 ஏப்ரல் 1இல் வந்த மலாயன் யூனியன், அதை எதிர்த்து எழுந்த மலாய்க்காரர்களின் போராட்டம், 1948 பிப்ரவரி 1இல் பிறந்த கூட்டமைப்பு வரை ஒரு கதை. அவசரகாலம், 1955 தேர்தல், அரசியலமைப்பு, 1957 ஆகஸ்ட் 31 ஒரு கதை. 1963இல் மலேசியா உருவானது, அதை எதிர்த்த இந்தோனேசியாவின் கொன்ஃப்ரொந்தாசி என்ற மோதல், 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது, 1969 மே 13, 1970இல் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு, வெளியுறவுக் கொள்கை என்று ஒரு கதை. இந்த மூன்றும் தாமாக ஓடும். ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது ஏன் தொடங்கியது என்று கேட்டுக்கொண்டே போகலாம்.

சிரமம் நான்காவதில். அரசியலமைப்பு, மன்னராட்சி, நாடாளுமன்றம், கூட்டாட்சி முறை. பிள்ளைகள் கொட்டாவி விடும் இடம் இது, கேள்வி தவறாமல் வரும் இடமும் இது. இங்கே குடியுரிமையிலிருந்து தொடங்குங்கள். அடையாள அட்டை எல்லாரிடமும் இருக்கும். சுதந்திர நாளன்றோ அதன் பிறகோ இந்த மண்ணில் பிறந்தவர் குடிமக்கள் என்று 1957 அரசியலமைப்பு ஏற்றது, 1962இல் அது திருத்தப்பட்டது. அப்படியானால் அதற்கு முன்னால் பிறந்த தாத்தாவுக்கு என்ன வழி? விண்ணப்பிக்க வேண்டும், பத்திரம் காட்ட வேண்டும், மொழி தெரிய வேண்டும். லயத்தில் பிறந்து பிறப்புப் பத்திரம் எடுக்காதவர் என்ன செய்திருப்பார்? அரசியலமைப்பின் ஒரு விதி ஒரு குடும்பத்தை எப்படித் தொடுகிறது என்று பார்த்த பிறகு மற்ற விதிகளையும் பிள்ளைகள் படிப்பார்கள். ஆனால், யார் வீட்டில் சிவப்பு அட்டை, அதாவது குடியுரிமை இல்லாதவரின் அடையாள அட்டை, இருக்கிறது என்று வகுப்பில் கேட்டுவிடாதீர்கள். அது பிள்ளைகளைக் கூனிக் குறுக வைக்கும் கேள்வி.

முதல் தாள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 40 கேள்விக்கு 30 எடுக்கிறவர்கள் வாரம் ஒரு பழைய தாளை வீட்டில் செய்தால் போதும், வகுப்பு நேரத்தை அதற்குச் செலவிடாதீர்கள். வீட்டில் அண்ணன் அக்கா யாராவது மூன்றாம் தாள் உண்டு, புத்தகம் கொண்டு போகலாம் என்று சொன்னால் அது பழைய முறை. இப்போது இரண்டு தாள்தான்.

தேறுவதே சந்தேகம் என்று சொன்ன இரண்டு பேருக்கு வேறு வழி. அவர்களிடம் இருபது அத்தியாயத்தையும் கட்டுரை அளவில் எதிர்பார்க்காதீர்கள். முதல் தாளை உறுதியாக்குங்கள், அமைப்புக் கேள்விகளை உறுதியாக்குங்கள். கட்டுரையில் எந்தக் கேள்வியையும் வெற்றாக விடாமல் நான்கு கருத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு “கெரானா” என்று எழுதப் பழக்குங்கள். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது இவர்கள் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கைவிட வைப்பது பாடம் அல்ல, வெள்ளைத் தாள். முதல் வரியை நீங்கள் சொல்லுங்கள், இரண்டாவது வரியை அவர்கள் எழுதட்டும்.

ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு கட்டுரைக் கேள்வி. அரை மணி நேரம் தமிழில் வாய்ப்பேச்சு. கால் மணி நேரம் ஒரு பக்கத்தில் கருத்துகளைக் குறித்துக்கொள்வது. நாற்பது நிமிடம் வாய் திறக்காமல் மலாயில் எழுதுவது. மீதி நேரத்தில் தாளை மாற்றிக்கொண்டு ஒருவர் விடையில் இன்னொருவர் “ஏன்” இல்லாத இடத்தைச் சிவப்பு மையால் குறிப்பது. இரண்டரை மணி நேரத் தாளை முழுவதுமாக உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது கடைசி மாதத்தில் இரண்டு முறையாவது நடக்கட்டும். அதற்கு ஓர் இரவு போதாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள்.

இப்போது அந்தப் பையன் கேட்டதற்கு வருகிறேன். நல்ல கேள்வி. அவனைத் தட்டிக்கொடுத்தீர்களா?

அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலகங்சாருக்கு அழைத்துக்கொண்டு போங்கள், உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு ரப்பர் மரம் வேலிக்குள் நிற்கிறது. 1877இல் இங்கே முதன்முதலாக நடப்பட்டவற்றில் மிஞ்சியது. அதன் அடியில் நின்று, நம் முப்பாட்டன்களைக் கடல் தாண்ட வைத்த மரம் இதுதான் என்று சொல்லுங்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தைச் சொல்லுங்கள். கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்றும் அவர்கள் கேட்டார்கள். அதற்குப் படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். பதிவை இழந்த அந்தச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி ஒரு தமிழர் என்பதையும், 1949 மே 4இல் அவர் தூக்கிலிடப்பட்டார் என்பதையும் சொல்லுங்கள். 1955 தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது என்று அவன் மனப்பாடம் செய்திருப்பான். அந்த 51இல் ஒருவர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, 1960இல், தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவரும் அவரே.

புத்தகத்தில் நாம் அதிகம் இல்லை என்பது உண்மை. அதை அவனிடம் மறைக்காதீர்கள். ஆனால் டாருராட் அத்தியாயத்தில் ஒரு வேலைநிறுத்தத்தைப் படிக்கும்போது அதில் நின்றவர்களில் பலர் நம்மவர்கள் என்பதும், ஒரு தோட்டத்தின் பெயர் வரும்போது அதில் மரம் வெட்டியவர்கள் யார் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். பெயர் போடாத இடத்திலும் ஆள் இருக்கிறார் என்று பார்க்கத் தெரிந்தவன் “ஏன்” என்று கேட்பான். அவன் ஏற்கெனவே கேட்கத் தொடங்கிவிட்டான். படிவம் ஆறில் வரலாறு எடுத்துப் படிக்க விருப்பமா என்று அவனிடம் பேசிப் பாருங்கள். கணக்கும் அறிவியலும்தான் படிப்பு என்று வீட்டில் சொன்னால், அந்தப் பெற்றோரிடம் நானே பேசுகிறேன்.

ஒரு மாதம் கழித்து, பதினொரு பேரும் ஆளுக்கு ஒரு விடை எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்பி வையுங்கள். ஒவ்வொன்றையும் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன். அந்தப் பையனின் தாளை மேலே வையுங்கள்.